வம்பு வாங்கலையோ, வம்பு!

காலை வேளையில் நம் தெருவோடு கீரைக்காரி போகிறாள். அவளுக்குப் பின்னால் தயிர்க்காரி வருகிறாள். உப்பு விற்கிறவனும் பழைய பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவனும் ஒருவர் பின் ஒருவராய் வந்த காலமும் உண்டு. அவரவர் தத்தம் சரக்கின் பெயரைச் சொல்லிக் கூவித்தான் விற்றார்கள். உலகத்தில் ஒரே ஒரு சரக்கு மட்டும் தன் பெயரைச் சொல்லாமலே அமோகமாக விற்பனையாகிறது. "வம்பு வாங்கலையோ, வம்பு!" என்று கூவிக்கொண்டு வருகிற வியாபாரியை யாராவது கண்டதுண்டா? கிடையாது. ஆயினும் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் பஞ்சம் வந்த யுத்த காலத்தில்கூட, வம்புக்கு மட்டும் நம் நாட்டில் பஞ்சம் வந்ததில்லை.

"எங்கள் வீட்டில் அந்தச் சரக்கை நாங்கள் தொடுவதே இல்லை" என்று வாசகர் சொல்லக்கூடும். மிகவும் சந்தோஷம். ஆனால் எந்த நடிகர் எந்த நடிகையோடு மனஸ்தாபம் கொண்டிருக்கிறார், எந்தக் கிரிக்கெட் வீரரின் இல்லறம் கோர்ட்டுப் படி ஏறியிருக்கிறது, எந்தப் பாடகியின் பெண்ணுக்கு இன்னும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்றெல்லாம் கேட்டால், தொடாதவர்களுக்குக்கூட விடை தெரிந்திருக்கிறதே, அது எப்படி? வாங்காத சரக்கு வீட்டுக்குள் எந்த வழியாக வந்தது?

இந்தக் கேள்வியை வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. இந்தச் சரக்கின் பொருட்டு நம் சென்னைப் பட்டணத்திலேயே ஓர் உயிர் போயிற்று. தமிழ் நாடு போற்றிய இரண்டு கலைஞர்களின் வாழ்க்கை நடுவழியில் முறிந்தது. அந்தக் கதை நடந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆயினும் அதில் சம்பந்தப்பட்ட ஓர் ஆசாமி மட்டும் இன்றளவும் எந்தக் கூண்டிலும் ஏற்றப்படாமல் சுகமாக இருக்கிறார். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

திண்ணையும் அச்சுக்கூடமும்

முதலில் ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும். வம்பு பேசுவது மனித சுபாவம். நாலு பேர் கூடி வாழ்கிற இடத்தில் ஒருவரைப் பற்றி மற்றவர் பேசாமல் இருக்க மாட்டார்கள். நம் முன்னோர்கள் வீட்டுக்கு வீடு திண்ணை கட்டியது வழிப்போக்கர் தங்குவதற்காக என்பார்கள். வாஸ்தவந்தான். ஆனால் வழிப்போக்கர் வராத நாட்களில் அந்தத் திண்ணைகள் சும்மா கிடந்ததாகத் தெரியவில்லை.

திண்ணை வம்புக்கு ஒரு கடிவாளம் இருந்தது. யாரைப் பற்றிப் பேசினோமோ அவர் மறுநாள் காலையில் அதே தெருவில் எதிரே வருவார். அவருடைய மனைவி அதே கிணற்றில் தண்ணீர் எடுக்க வருவாள். சொன்னது பொய்யானால், "யார் அப்படிச் சொன்னது?" என்று கேட்க ஆள் உண்டு, பதில் சொல்ல வேண்டிய முகமும் உண்டு. மேலும் பேசப்பட்டவரை ஊரார் நன்றாக அறிவார்கள். "அவரா? இருக்காது!" என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள்.

அச்சுக்கூடத்து வம்புக்கு இந்தக் கடிவாளம் கிடையாது. எழுதுகிறவரை வாசகர் பார்த்ததில்லை. எழுதப்பட்டவரை வெள்ளித் திரையில்தான் பார்த்திருக்கிறார். "இருக்காது!" என்று சொல்ல யாருக்கும் தகுதியில்லை; "இருந்தாலும் இருக்கும்" என்று சொல்ல எல்லாருக்கும் தகுதி உண்டு. திண்ணையில் ஒருவர் பேச நாலு பேர் கேட்பார்கள். அச்சில் ஒருவர் எழுத ஆயிரக்கணக்கானோர் படிப்பார்கள். இன்றைய கைப்பேசியிலோ ஒரு நாழிகைக்குள் லட்சக்கணக்கானோர் பார்த்து முடித்து, இன்னும் பல லட்சம் பேருக்கு அனுப்பியும் விடுகிறார்கள்.

சினிமா வந்த பிறகு இந்த விஷயத்தில் இன்னொரு விபரீதமும் சேர்ந்துகொண்டது. நாடக மேடையில் நடிகரைத் தூரத்தில் பார்த்தோம். திரையிலோ அவருடைய முகம் நம் வீட்டுச் சுவரைவிடப் பெரிதாக வந்து நிற்கிறது. அவர் விடுகிற பெருமூச்சு நம் காதருகே கேட்கிறது. பெற்ற பிள்ளையின் கண்ணீரைக்கூட நாம் அவ்வளவு அருகில் பார்த்ததில்லை. அதனால் அவர் நமக்கு உறவினர் என்ற மயக்கம் ஏற்பட்டுவிடுகிறது. உறவினர் வீட்டு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்குப் பாத்தியதை உண்டு அல்லவா? ஆனால் இந்த உறவு ஒரு பக்கத்து உறவு. அவருக்கு நம் பெயர்கூடத் தெரியாது. நம் வீட்டுச் சங்கதி எதையும் அவர் கேட்டதும் இல்லை.

தூது வந்த கதை

1943-ம் வருஷத்தில் சென்னையில் 'சினிமா தூது' என்று ஒரு வாரப் பத்திரிகை வெளிவரத் தொடங்கிற்று. அதை நடத்தியவர் ஸி. என். லக்ஷ்மிகாந்தன் என்பவர். நடிகர் நடிகையரின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி எழுதுவதே அந்தப் பத்திரிகையின் பிரதான அலுவல். ஜனங்கள் அதை வாங்கினார்கள். வாங்கியவர்கள் பிறருக்கும் கொடுத்தார்கள். அது உலக மகா யுத்தத்தின் நடுக்காலம் என்பதை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். காகிதத்துக்குக் கடும் கட்டுப்பாடு. பத்திரிகை நடத்த வேண்டுமானால் சர்க்காரின் லைசென்ஸ் வேண்டும். அப்படிப்பட்ட பஞ்ச காலத்தில் கிடைத்த காகிதத்தில்தான் இந்தச் சரக்கு அச்சாகி விற்றது.

இவ்விதப் பத்திரிகைகளுக்கு வரும்படி இரண்டு வழியாக வரும். எழுதினால் வாசகரிடமிருந்து வருவது ஒன்று. எழுதாமல் இருப்பதற்காக எழுதப்பட வேண்டியவரிடமிருந்து வருவது மற்றொன்று. இரண்டாவது வரும்படி முதலாவதைவிடக் கொழுத்தது என்று இந்தத் தொழிலை அறிந்தவர்கள் சொல்லுவார்கள். லக்ஷ்மிகாந்தனும் அப்படிப் பணம் பறித்தார் என்று அந்நாளையச் சினிமா உலகத்தார் குற்றம் சாட்டினார்கள். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். வாசகர் வாங்காத பத்திரிகைக்கு யாரும் பயப்பட மாட்டார்கள். ஆகையால் வாசகர் கொடுக்கும் சில காசுகள்தாம் மிரட்டிப் பறிக்கும் ஆயிரங்களுக்கு முதல்.

"அவதூறு என்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். 1860-ம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்திலேயே அவதூறுக்குத் தண்டனை எழுதப்பட்டிருந்தது. ஆனால் வம்புக்காரர்கள் சட்டத்தைப் படித்தவர்கள். பெயரை எழுதமாட்டார்கள். "மூன்றெழுத்து நடிகை", "மலைக்கோட்டை நகரத்துப் பிரமுகர்" என்ற ரீதியில் அடையாளத்தை மட்டும் காட்டி விட்டுவிடுவார்கள். மீதியை வாசகர் பூர்த்தி செய்துகொள்வார். "அது நான்தான்" என்று கோர்ட்டில் போய் யார் சொல்லுவது? அப்படியே சொன்னாலும், பத்தாயிரம் பேர் படித்த விஷயத்தை வழக்கு விசாரணைச் செய்தியாக ஊர் முழுவதும் படிக்கும். புண்ணைச் சொறிந்து ஆற்றுவது போன்ற வைத்தியம் அது.

பெண்களின் நிலைமை இன்னும் மோசம். குடும்பப் பெண்கள் நடிக்கக்கூடாது என்று சமூகம் விலக்கி வைத்திருந்த காலம். துணிந்து நடிக்க வந்தவர்களைப் பற்றி எதை எழுதினாலும் நம்புவதற்கு ஊர் தயாராக இருந்தது. ஆண் நடிகரைப் பற்றிய வம்பு அவருக்கு ஒரு களங்கம். சில சமயம் ஒரு கவர்ச்சியும்கூட. நடிகையைப் பற்றிய வம்போ அவளுடைய தொழிலையும் வீட்டையும் ஒருங்கே தாக்கிற்று.

கடைசியில் கலைஞர்கள் வேறு வழி காணாமல் சர்க்காரிடம் போனார்கள். இசையாலும் நடிப்பாலும் தமிழ் நாட்டையே கவர்ந்திருந்த எம். கே. தியாகராஜ பாகவதர், சிரிக்க வைத்தே சிந்திக்கச் செய்த என். எஸ். கிருஷ்ணன், கோயமுத்தூர் பக்ஷிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடு ஆகிய மூவரும் கவர்னர் ஸர் ஆர்தர் ஹோப்பிடம் மனுச் செய்துகொண்டார்கள். 'சினிமா தூது'வின் லைசென்ஸ் ரத்தாயிற்று. பத்திரிகை நின்றது. ஆனால் பசி நிற்கவில்லையே! வெகு சீக்கிரத்தில் லக்ஷ்மிகாந்தன் 'இந்து நேசன்' என்ற இன்னொரு பத்திரிகையைக் கைவசப்படுத்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். வாசகர்களும் விட்ட இடத்திலிருந்தே வாங்கினார்கள். சர்க்கார் உத்தரவு ஒரு பத்திரிகையின் பெயரை ஒழித்தது. சரக்கை ஒழிக்க அதனால் முடியவில்லை.

வேப்பேரியில் ஒரு காலை

1944-ம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி காலை. வேப்பேரியில் தம்முடைய வக்கீலைப் பார்த்துவிட்டு லக்ஷ்மிகாந்தன் ரிக்ஷாவில் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் அவரைக் கத்தியால் குத்தினார்கள். ஜெனரல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட அவர் மறுநாள் காலமானார்.

டிசம்பர் மாதத்தில் பாகவதரும் கிருஷ்ணனும் ஸ்ரீராமுலு நாயுடுவும் வேறு சிலரும் கைது செய்யப்பட்டார்கள். கொலைக்குச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஜூரிகளைக் கொண்டு விசாரணை நடந்தது. 1945-ம் வருஷம் மே மாதத்தில் தீர்ப்பு வந்தது. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஹைகோர்ட்டு அப்பீலிலும் பலன் இல்லை. விஷயம் லண்டன் பிரிவி கௌன்ஸில் வரையில் சென்று, வழக்கை மீண்டும் பரிசீலிக்கும்படி சென்னைக்கே திரும்பி வந்தது. 1947-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பாகி விடுதலை பெற்றார்கள். கைதானதிலிருந்து விடுதலை வரையில் ஏறக்குறைய இரண்டு வருஷமும் நாலு மாதமும் கழிந்திருந்தன. தேசம் சுதந்திரம் அடைய இன்னும் நாலு மாதங்கள் இருந்தன.

இந்த இடைக்காலத்தில் நடந்த ஒரு விஷயத்தை நினைத்தால் நெஞ்சம் கனக்கிறது. பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' 1944-ம் வருஷத் தீபாவளிக்கு வெளியாயிற்று. கிருஷ்ணனும் மதுரமும் அதில் நடித்திருந்தார்கள். சென்னை பிராட்வே கொட்டகையில் அந்தப் படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதாவது பாகவதர் சிறையில் இருக்க, அவருடைய நிழல் கொட்டகையில் தினந்தோறும் பாடிக்கொண்டிருந்தது. டிக்கட் வாங்கி அந்தப் பாட்டில் உருகியவர்களும் தமிழர்கள்தாம். கொட்டகையிலிருந்து வெளியே வந்து, காலணாவோ அரையணாவோ கொடுத்து, வழக்கைப் பற்றிய புதுப்புது வம்பை வாங்கிச் சுவைத்தவர்களும் அதே தமிழர்கள்தாம். இரண்டு காரியத்தையும் ஒரே மாலையில் செய்வதில் யாருக்கும் எந்தவிதக் கூச்சமும் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

விடுதலையான பிறகு என்ன நேர்ந்தது? கிருஷ்ணன் மீண்டும் எழுந்தார். அவர் இல்லாத காலத்தில் மதுரம் அம்மையார் எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடக சபையைக் கலைந்துவிடாமல் காத்து வைத்திருந்தார். 'நல்லதம்பி'யும் 'மணமக'ளும் வந்தன. கையில் இருந்ததையெல்லாம் பிறருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, 1957-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், ஐம்பது வயது நிரம்புவதற்கு முன்பே, அவர் கண்ணை மூடினார். பாகவதருக்கோ பழைய நாள் திரும்பவே இல்லை. 'ராஜமுக்தி' எடுபடவில்லை. 'அமரகவி', 'சியாமளா' முதலிய படங்களும் அவரைப் பழைய பீடத்தில் அமர்த்தவில்லை. 1959-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி அவர் காலமானபோது வயது நாற்பத்தொன்பதுதான்.

மூன்றாவது ஆசாமி

இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் இரண்டு தரப்பைத்தான் பேசுகிறார்கள். எழுதியவர் ஒரு தரப்பு. எழுதப்பட்டவர்கள் மற்றொரு தரப்பு. எழுதியவர் உயிரை இழந்தார். அவர் எழுதியது எவ்வளவு இழிவானதாக இருந்தாலும், கத்தி அதற்குப் பதில் அல்ல. எந்த நாகரிக சமூகமும் அதை ஒப்புக்கொள்ள முடியாது. எழுதப்பட்டவர்களோ, செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் வாடினார்கள். திரும்பி வந்தபோது தொழில் போயிருந்தது, காலமும் போயிருந்தது.

மூன்றாவது ஆசாமி ஒருவர் இருந்தார் அல்லவா? காசு கொடுத்து வாங்கியவர்? அவர் பெயர் எந்தக் குற்றப் பத்திரிகையிலும் இல்லை. அவரைச் சாட்சிக் கூண்டுக்கும் யாரும் அழைக்கவில்லை. அவர் நல்ல மனிதர். தினம் ஸ்நானம் செய்து நெற்றிக்கு இட்டுக்கொள்கிறவர். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று போதிக்கிறவர். அவர் செய்ததெல்லாம் சில காசு கொடுத்து ஒரு பத்திரிகை வாங்கியது மாத்திரமே. படித்துவிட்டு, "சீச்சீ! இப்படியெல்லாமா எழுதுவது?" என்றும் சொன்னார். பிறகு அடுத்த இதழுக்குக் காத்திருந்தார்.

வாசகர்களே! அந்த ஆசாமி நாமேதான். நம் தாத்தாவாக இருந்தவர் இன்று நாமாக இருக்கிறார். அவ்வளவே வித்தியாசம்.

ஒரு பெண்ணின் குரல்

வாங்குகிறவரின் கையில்தான் எல்லாம் இருக்கிறது என்பதற்கு லண்டன் நகரத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். அங்கே 'நியூஸ் ஆப் தி வேர்ல்டு' என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை இருந்தது. 1843-ம் வருஷத்தில் தோன்றியது. பிரபலமானவர்களின் படுக்கையறைச் சங்கதிகளை வெளியிடுவதில் அதற்கு நிகரில்லை. பிறருடைய டெலிபோனில் பதிவாகியிருந்த செய்திகளை அது திருட்டுத்தனமாகக் கேட்டது வெளிப்பட்டு, 2007-ம் வருஷத்தில் அதன் நிருபர் ஒருவரும் அவருக்கு உதவிய துப்பறிவாளர் ஒருவரும் சிறை சென்றார்கள். அகப்பட்டவர்கள் அரச குடும்பத்தாரும் அவர்களைச் சேர்ந்தவர்களும். பிற்பாடு நடிகர்களும் விளையாட்டு வீரர்களும் முறையிட்டார்கள். ஊரார் கேட்டுக்கொண்டார்கள், பத்திரிகையையும் வாங்கிக்கொண்டேயிருந்தார்கள். "பிரபலமானவர்கள்தானே! பணமும் புகழும் வேண்டும், பிறர் கண் மட்டும் படக்கூடாதா?" என்பது அவர்களுடைய வாதம்.

2011-ம் வருஷம் ஜூலை மாதத்தில் இன்னொரு சங்கதி வெளிவந்தது. 2002-ம் வருஷத்தில் காணாமற்போய், பிறகு கொலையுண்டதாகத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடச் சிறுமியின் டெலிபோன் செய்திகளையும் அதே பத்திரிகைக்காரர்கள் கேட்டிருந்தார்கள். அவ்வளவுதான். அதுவரை அசையாதிருந்த ஜனங்கள் பொங்கி எழுந்தார்கள். விளம்பரக்காரர்கள் விலகி ஓடினார்கள். ஒரு வாரத்துக்குள், 168 வருஷம் வாழ்ந்த பத்திரிகை ஜூலை 10-ந் தேதி இதழோடு மூடப்பட்டது.

வருஷக்கணக்கான வழக்குகளால் ஆகாதது வாசகர் முகம் சுளித்த மாத்திரத்தில் ஆகிவிட்டது. பத்திரிகை செய்த காரியம் 2007-லும் ஒன்றுதான், 2011-லும் ஒன்றுதான். மாறியது பாதிக்கப்பட்டவர் யார் என்பது மட்டுமே. அந்தச் சிறுமியைத் தங்கள் வீட்டுப் பெண்ணாக ஜனங்கள் நினைத்தார்கள். நடிகையை அப்படி நினைக்கவில்லை. பிரபலமானவர்களுக்கும் வீடு உண்டு, அந்த வீட்டிலும் பள்ளிக்குப் போகிற பெண் உண்டு என்பது அவர்களுக்கு நினைவு வரவில்லை.

சட்டம் எதுவரை?

சட்டம் நமக்குத் துணை செய்யாமல் இல்லை. 1890-ம் வருஷத்திலேயே அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வக்கீல்களான வாரன், பிராண்டைஸ் என்ற இருவர், ஒருவனைத் தனிமையில் விட்டுவிட வேண்டும் என்பது அவனுடைய உரிமை என்று ஹார்வர்டு சட்ட சஞ்சிகையில் வாதாடினார்கள். நொடியில் படம் பிடிக்கும் காமிராவும் வம்புப் பத்திரிகையும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்ற கவலைதான் அவர்களை எழுதத் தூண்டிற்று. இன்று ஒவ்வொரு சட்டைப் பையிலும் ஒரு காமிராவும் ஓர் அச்சுக்கூடமும் இருக்கக் கண்டால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்களோ!

நம் நாட்டில் இந்த விஷயத்தில் முக்கியமான தீர்ப்பு ஒன்று தமிழ் நாட்டு வழக்கிலேதான் பிறந்தது. மரண தண்டனை பெற்ற கைதி ஒருவரின் சுயசரிதையை வெளியிடச் சென்னைப் பத்திரிகை ஒன்று முன்வந்தபோது, அதிகாரிகள் தடுக்க முயன்றார்கள். 1994-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. ஒருவருடைய குடும்பம், விவாகம், தாய்மை, கல்வி போன்றவற்றைப் பற்றி அவருடைய சம்மதமின்றி யாரும் வெளியிடக்கூடாது என்று அது கூறியது. கூடவே மறுபக்கத்தையும் திட்டமாக வைத்தது. கோர்ட்டு முதலிய பொது ஆவணங்களில் உள்ளதை எழுதத் தடையில்லை. சர்க்கார் உத்தியோகஸ்தர் தம் உத்தியோக முறையில் செய்த காரியங்களைத் தனி வாழ்க்கை என்ற திரைக்குப் பின்னால் ஒளிக்க முடியாது. அச்சிடுவதற்கு முன்பே அதிகாரிகள் வாயைக் கட்டவும் கூடாது. பின்னர் 2017-ம் வருஷம் ஆகஸ்டு 24-ந் தேதி, ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் அளிக்கும் ஜீவாதார உரிமைகளுள் ஒன்று என்று ஒரே குரலில் முடிவு கட்டினார்கள். தேசம் சுதந்திரம் அடைந்து சரியாக எழுபது வருஷம் கழித்து, தனி மனிதனின் வீட்டுக் கதவுக்கும் சுதந்திரம் கிடைத்தது.

ஆனால் சட்டம் வெளியிடுகிறவரைத்தான் தடுக்கும். படிக்கிறவரைத் தடுக்காது, தடுக்கவும் கூடாது. படிக்கிறவர்களைத் தண்டிக்கத் தொடங்கினால் அப்புறம் எந்தப் புத்தகமும் தப்பாது. ஆகையால் மூன்றாவது ஆசாமிக்கு நீதிபதி அவரே. வேறு யாரும் இல்லை.

பெயரை மறைக்கும் இரண்டு விதம்

இந்த இடத்தில் நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். "அந்தரங்கம், அந்தரங்கம் என்று சொல்லி அக்கிரமங்களை மூடி மறைக்கலாமா? பெரிய மனிதர் ஒருவர் தம்மிடம் வேலை தேடி வந்த பெண்ணுக்குத் தீங்கு செய்தால், அதுவும் அவருடைய சொந்த விஷயந்தானா?" என்று கேட்பார்கள். ஒருநாளும் இல்லை. அது குற்றம், குற்றத்துக்கு அந்தரங்கம் கிடையாது.

அண்டையில் உள்ள கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள். 2017-ம் வருஷத்தில் ஒரு நடிகைக்கு இழைக்கப்பட்ட கொடுமையைத் தொடர்ந்து, சினிமாத் தொழிலில் பெண்கள் படும் பாட்டை ஆராய நீதிபதி ஹேமா தலைமையில் அந்த ராஜ்ய சர்க்கார் ஒரு குழு அமைத்தது. 2019-ம் வருஷ முடிவில் அறிக்கை தரப்பட்டது. 2024-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில்தான் அது வெளியிடப்பட்டது. வாக்குமூலம் கொடுத்தவர்களைக் காப்பதற்காக, ஆட்களை அடையாளம் காட்டும் பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. பெண்களுக்குத் தங்கும் வசதி முதலாக என்னென்ன இல்லை, ஒப்பந்தம் இல்லாமல் எப்படி வேலை வாங்குகிறார்கள், எதிர்த்தவர்களுக்கு எப்படி வாய்ப்பு மறுக்கப்படுகிறது என்பன போன்ற விஷயங்களையெல்லாம் அது விவரித்தது. படித்துச் சிந்திக்க வேண்டிய விஷயங்கள். ஆனால் வெளியான அன்றே பலர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "யார் அந்த நடிகர்? யார் அந்த நடிகை?"

வம்புக்காரரும் பெயரை மறைக்கிறார். நீதிபதியும் பெயரை மறைக்கிறார். வம்புக்காரர் மறைப்பது நம்மைத் தேடத் தூண்டுவதற்காக. நீதிபதி மறைப்பது துன்பப்பட்டவர் மேலும் துன்பப்படாமல் இருப்பதற்காக. வம்புப் பத்திகளைப் படித்துப் பழகிய கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. கோடிட்ட இடம் எதைக் கண்டாலும் நிரப்பத் துடிக்கிறது. வம்பினால் உண்டாகும் பெருங்கேடு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது நமக்குப் பொய்யைக் கற்றுக் கொடுப்பதோடு நிற்பதில்லை. உண்மை எதிரே வந்தால் அதையும் வம்பாகவே படிக்கும்படி நம்மைப் பழக்கிவிடுகிறது.

வீட்டில் செய்யக்கூடியது

உபதேசம் செய்து முடிப்பது எனக்கு விருப்பமில்லை. ஆனால் வீட்டில் கைக்கொள்ளக்கூடிய சிறு பரீட்சை ஒன்று உண்டு. ஒருவரைப் பற்றிய சங்கதி கைக்கு வந்ததும் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். இது அவர் நமக்குச் செய்யும் தொழிலைச் சேர்ந்ததா? மந்திரியின் கணக்கு வழக்கு நம்மைச் சேர்ந்தது. அவர் மகளின் கல்யாணம் நம்மைச் சேர்ந்ததன்று. இதைச் சொல்லுகிறவர் தம் பெயரைப் போட்டுச் சொல்லுகிறாரா? பெயர் போட அஞ்சுகிறவரின் வார்த்தைக்கு நம் வீட்டில் ஏன் ஆசனம்? கடைசியாக, நம் வீட்டுப் பெண்ணைப் பற்றி இதே வார்த்தைகளில் யாரேனும் எழுதினால் நாம் இதை அடுத்த வீட்டுக்கு அனுப்புவோமா?

மூன்றுக்கும் தேறுகிற சங்கதிகள் சிலவே இருக்கும். அவற்றைத் தாராளமாகப் படிக்கலாம், பேசலாம், கோபமும் கொள்ளலாம். மற்றவற்றுக்குக் கைப்பேசியில் விரலை எடுப்பதே போதும். முன்பு சில காசு கொடுத்தோம். இன்று காசு கேட்பதில்லை. நாம் பார்க்கிற ஒவ்வொரு பார்வையையும் எண்ணி விளம்பரக்காரரிடம் விற்றுக்கொள்கிறார்கள். ஆகவே பார்ப்பதே வாங்குவது. பார்க்காமல் விடுவதே பகிஷ்காரம். அந்நியத் துணியை வாங்காமல் விட்டே ஒரு சாம்ராஜ்யத்துக்கு நம் முன்னோர்கள் கவலை கொடுத்தார்கள். வம்பை வாங்காமல் விடுவது அதைவிடக் கடினமான காரியமா, என்ன?

நிற்க. இந்தக் கட்டுரையை இதுவரையில் பொறுமையாகப் படித்து வந்த வாசகர்களில் சிலருக்கு ஒரு சிறு குறை இருக்கலாம். "லக்ஷ்மிகாந்தன் அந்த நடிகர்களைப் பற்றி அப்படி என்னதான் எழுதினார்? அதைச் சொல்லவே இல்லையே!" என்று மனத்துக்குள் ஒரு குரல் கேட்டிருக்கலாம். லக்ஷ்மிகாந்தனுடைய பூர்வ கதையைப் பற்றியும் பலவிதமாகச் சொல்லுகிறார்களே, அதையாவது சொல்லக்கூடாதா என்றும் தோன்றியிருக்கலாம். சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. இதை எழுதும்போது எனக்கும் அந்தக் குரல் கேட்கத்தான் செய்தது. 1943-ம் வருஷத்தில் காசை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடிய மனிதருக்கும் அதே குரல்தான் கேட்டது.

அந்தக் குரலை அடக்குவது அப்படி ஒன்றும் பெரிய சிரமமில்லை என்பதை இப்போது நாம் இருவரும் சேர்ந்து பார்த்துவிட்டோம். அது தெரியாமலே கட்டுரை முடிந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் குறைந்துபோகவில்லை.